அரைச் சுற்று தளர்த்திய கிளாம்ப்

இன்னொருவர் பழுது பார்த்து முடித்திருந்த மினி டிராக்டரில், ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஹோஸ் கிளாம்பை யாருக்கும் தெரியாமல் அரைச் சுற்று தளர்த்தினேன். பொறாமையால் செய்தேன். வேறு காரணம் இல்லை.

சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையின் ஹைட்ராலிக் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் கரையான்சாவடியில் டிராக்டர் பட்டறை வைத்தேன். என்னிடம் பொறியியல் பட்டமும் ஆயில் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜும் இருந்தன. இரண்டு கடை தள்ளியிருந்த மெக்கானிக் எட்டாவது வரை படித்தவர். நான் கேஜ் மாட்டுவதற்குள் அவர் வால்வுகளைத் தொட்டுப் பார்த்து, எது சூடோ அதைக் கழற்றிவிடுவார். பெரும்பாலும் பழுது அங்கேதான் இருக்கும். அந்தக் கைகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

செம்பரம்பாக்கத்தில் நர்சரி வைத்திருந்தவர் என் வாடிக்கையாளர். அவருடைய டிராக்டரின் பின்பக்க லிஃப்ட் பாரம் தூக்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, பம்பை மாற்ற வேண்டும் என்றேன். அவர் வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனார். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வில் சிறு இரும்புத்தூள் சிக்கியிருந்ததாம்.

“இன்னா சார், பம்பே போச்சுன்னீங்க? அண்ணாத்தே தூச தட்டி உட்டாரு, எய்ந்துகிச்சு!” என்று என் வாசலில் நின்று சிரித்தார். டீக்கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அன்று மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தபோது வண்டி அவர் கடைக்கு வெளியே நின்றது; நர்சரிக்காரர் இன்னும் எடுத்துப் போகவில்லை. பம்புக்கு ஆயில் இழுக்கும் ஹோஸின் மேல் இணைப்பில் இருந்த கிளாம்பைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே தளர்ந்தால் ஒரு சொட்டும் கசியாது; காற்றுதான் உள்ளே போகும். என் படிப்பு அதற்குத்தான் பயன்பட்டது.

மறுநாள் பம்ப் ஊளையிட்டது, ஆயில் நுரைத்தது. “பம்ப காலி பண்ட்டியே, மாமே!” என்று நர்சரிக்காரர் மெக்கானிக்கைப் பார்த்துத் தெருவில் கத்தினார். மெக்கானிக் மாலை வரை கசிவைத் தேடினார். கிடைக்கவில்லை. வண்டி என்னிடம் வந்தது. எல்லோர் முன்னிலையிலும் ஒரே நிமிடத்தில் கிளாம்பை முடுக்கினேன்.

அதன்பின் அவரிடம் வண்டிகள் குறைந்தன. வந்த வண்டியிலும் முடுக்கியதையே மூன்று முறை முடுக்கிப் பார்த்தார். வால்வைத் தொட்டுவிட்டுத் தயங்கினார். நான் விரும்பியது அதுதான். கிடைத்தபின் பார்க்கச் சகிக்கவில்லை.

சில மாதம் கழித்து நர்சரிக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“அவுரு பொயப்பு கெடக்கூடாதுன்னு பழிய நீங்க ஏத்துக்கினு வர்றீங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு!”

அந்தப் பாராட்டோடு வீட்டுக்குப் போக முடியவில்லை. அவரையும் வண்டியையும் மெக்கானிக்கின் கடைக்கே அழைத்துப் போனேன். இருவர் முன்னிலையிலும் அதே கிளாம்பை அரைச் சுற்று தளர்த்தி எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். பம்ப் ஊளையிட்டது. நர்சரிக்காரர் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

மெக்கானிக் எஞ்சினை நிறுத்தி, கிளாம்பைத் தானே முடுக்கினார்.

“அப்போ என் கை தப்பு பண்ல” என்றார்.

நர்சரிக்காரர் அவரிடமே திரும்பினார், மற்றவர்களும் திரும்பினார்கள். இப்போது அவர் முடிக்கும் ஒவ்வொரு வண்டியிலும் கிளாம்பின் திருகின்மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்கிறார். யாராவது தொட்டால் கோடு விலகிவிடும். சாப்பிடப் போகும்போது வண்டியை உள்ளே தள்ளி ஷட்டரை இறக்குகிறார். எதிரில் பார்த்தால் இன்னமும் “வணக்கம் சார்” என்கிறார்.

அவர் கை ஒரு வால்வின்மேல் தயங்காமல் நிற்பதைப் பார்க்கும்போது இப்போதும் எனக்கு எரிகிறது.