முன்வரிசையில் டொலறஸ்

டொலறஸ் கஸ்பரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. 1985ஆம் ஆண்டு, இலையுதிர்காலம். தென் லண்டனில் ஒரு பொலிடெக்னிக்கில் கணக்கியல் படிக்க நான் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கன்டீனில் தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். தேநீர்க் கோப்பையோடு வந்து எதிரே அமர்ந்தவள், என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

“நீர் யாழ்ப்பாணமோ?”

“ஓம், கொக்குவில்.”

“சனிக்கிழமை பின்னேரம் உமக்கு ஏதும் வேலை இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப வாரும். கதவு திறந்து பூட்ட ஒரு ஆள் வேணும்.”

அந்தக் கதவு, ஸ்ட்ரெட்டம் பனித்தளத்தின் ஓரத்திலிருந்த தண்டனைப் பெட்டியின் கதவு. ஐஸ் ஹொக்கியில் யாரையாவது தட்டி விழுத்தினால் நடுவர் ஊதுவார். விழுத்தியவர் இரண்டு நிமிடம் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து இருக்க வேண்டும். நேரம் முடிந்ததும் நான் கதவைத் திறந்துவிட வேண்டும். ஹொக்கி என்றால் என்னவென்றே தெரியாமல் போன நான், டொலறஸ் ஆடிய காலம் முழுவதும் அந்தக் கதவடியிலேயே இருந்தேன்.

டொலறஸ் பனிக்கு வந்த கதை அவளுடைய தகப்பனில் தொடங்குகிறது. கஸ்பர் அங்கிள் குருநகரில் மீனுக்கு ஐஸ் கட்டும் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். எழுபதுகளின் கடைசியில் குடும்பத்தோடு லண்டன் வந்தபோது, பனித்தளத்தைக் குளிர்விக்கும் இயந்திர அறையில் வேலை கிடைத்தது. “அங்கை மீனுக்கு ஐஸ், இஞ்சை சனத்துக்கு ஐஸ்” என்று சொல்லிச் சிரிப்பார். தாய் றோஸ்மலர் அன்ரிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பின்னேர ஷிப்ட். வீட்டில் ஆளில்லாததால் பள்ளி விட்டதும் டொலறஸ் தகப்பனிடம் வந்துவிடுவாள். இயந்திரச் சத்தத்தில் பிள்ளை படிக்க முடியாது என்று அவர் அவளை மேலே அனுப்பினார். அங்கே யாரோ ஒரு பையன் விட்டுப்போன சறுக்குக் காலணி இருந்தது. பெரிது. நுனியில் பழைய காலுறைகளைத் திணித்துக் கட்டிக்கொண்டாள்.

பொலிடெக்னிக் அணி பையன்களின் அணி. ஆனால் எப்போதும் ஆள் பற்றாது. அதனால் முன்வரிசையில் வலப்பக்கம் ஆட அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். கோல் காத்தவன் கோபாலன், மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்தவன். அவனுக்குச் சறுக்கவே வராது.

“நின்னா போதும்னாங்க, நின்னுட்டேன்” என்றான் என்னிடம். “இப்ப நகரவும் சொல்றாங்க. அதுதான் சிக்கல்.”

டொலறஸ் குள்ளம். மற்ற அணிக்காரர்கள் அவளைப் பார்த்ததும் முதலில் சிரிப்பார்கள். நடுவர் பக்கைப் போட்டதும், அதுதான் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை, அவள் குனிந்தபடியே அவர்களுடைய முழங்கைகளுக்குக் கீழால் போய்விடுவாள். நீளமாக அடிக்கிற ஆளில்லை அவள். கோலுக்கு முன்னால், முதுகில் எத்தனை தடி பட்டாலும், இடத்தை விடாமல் நிற்பாள். யாரோ அடித்த பக் காலடியில் வரும். அதை மெல்லத் திருப்பிவிடுவாள், சோற்றிலிருந்து கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி.

இடத்தை விடாமல் நிற்பதென்றால் சிலவேளை இடிக்கவும் வேண்டும். ஆகவே என்னிடம் அடிக்கடி வருவாள். மூச்சு வாங்கிக்கொண்டே, “அம்மா இண்டைக்கு நண்டு வாங்கினவ, இரவைக்குச் சாப்பிட வாரும்” என்பாள். எங்கள் தமிழைக் கேட்டு, நாங்கள் ஏதோ தந்திரம் பேசுகிறோம் என்று பக்கத்துக் கூண்டிலிருந்த எதிரணிக்காரன் ஒருமுறை நடுவரிடம் முறையிட்டான்.

படிப்பு முடிந்ததும் டொலறஸ் பெண்கள் லீக்கில், அதே தளத்தில் ஆடிய கீழ்ப்பிரிவு அணி ஒன்றில் சேர்ந்தாள். சம்பளம் கிடையாது. விடியப்புறம் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை, மாலையில் பயிற்சி. வெளியூர் ஆட்டங்களுக்குப் பஸ்ஸில் போவோம். றோஸ்மலர் அன்ரி ஒரு பெரிய டின் நிறைய மீன் பணிஸ், உள்ளே உறைப்பாக மீன் வைத்த பன், தந்துவிடுவார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கண்ணில் நீர் வர வரத் தின்பார்கள். திரும்பும்போது பஸ் முழுக்க ஈரக் கையுறை நாற்றம். அதோடு பாட்டு. தோற்ற நாள்களில்தான் பாட்டு அதிகம். இப்போது நினைத்தாலும் அந்த நாற்றம் எனக்கு வருகிறது, வெறுப்பு மட்டும் வருவதில்லை.

அந்தக் காலத்தில் ஒரு கல்யாணப் பேச்சும் வந்தது. வால்தம்ஸ்டோவிலிருந்து மாப்பிள்ளையின் தாய் பெண் பார்க்க வந்தார். அன்று நானும் வீட்டில் இருந்தேன். எவ்வளவு பவுடர் போட்டும் டொலறஸின் இடக்கண்ணைச் சுற்றியிருந்த நீலம் மறையவில்லை.

“கண்ணிலை என்ன பிள்ளை?” என்று கேட்டார் அந்த அம்மா.

“முழங்கை, அன்ரி.”

“ஆற்றை முழங்கை?”

“நோர்த்திலை இருந்து வந்த ஒருத்தி. அது பறவாயில்லை அன்ரி, பேந்து நான் கோல் அடிச்சிட்டன்.”

கஸ்பர் அங்கிள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். வந்தவர் தேநீரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

1989இல்தான் அது நடந்தது. நாட்டுக்காக ஆடும் பெண்கள் அணிக்கு ஆள் தேடினார்கள். தேர்வு ஆட்டத்துக்குப் போன டொலறஸ் இரண்டு கோல் போட்டாள். பயிற்சியாளர் தோளில் தட்டி, ஐரோப்பாவுக்குப் போக வேண்டியிருக்கும், பாஸ்போர்ட்டைக் கொண்டு வா என்றார். அவளிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட்; அதை வைத்துப் பிரிட்டிஷ் அணியில் ஆட முடியாது. பிரிட்டிஷ் குடியுரிமைக்குக் கஸ்பர் அங்கிள் விண்ணப்பிக்கவே இல்லை. எப்போதோ எடுத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும், அடுத்த வருடம் ஊரில் சண்டை ஓய்ந்துவிடும், திரும்பிப் போய்விடுவோம் என்று இருந்துவிட்டார். டொலறஸும் பதினெட்டு வயதுக்குப் பிறகு அதைப் பற்றி யோசிக்கவில்லை. இனி எழுதிப்போட்டு வருவதற்குள் போட்டி முடிந்துவிடும்.

அன்று மாலை வீட்டில் அவர் மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: “நான் போவம் எண்டுதான் பிள்ளை இருந்தன்.”

“தெரியும் அப்பா” என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் தளத்தில் ஆட்டம். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, பக் எங்கோ கிடக்க, டொலறஸ் ஒருத்தியைத் தட்டி விழுத்தினாள். பார்த்திருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. கூண்டுக்குள் வந்து இருந்தாள். தலைக்கவசத்தின் முகக்கம்பியை உயர்த்தவில்லை.

“ஏனடி? அவள் உன்னை ஒண்டும் செய்யேல்லையே” என்றேன். அந்த நாள்களில் நாங்கள் ‘நீர்’ விட்டு ‘நீ’ என்று பேசத் தொடங்கிவிட்டோம்.

“வேணுமெண்டுதான் விழுத்தினன் கௌரி. கொஞ்ச நேரம் இருக்க வேணும் போலை இருந்தது.”

முகக்கம்பிக்குள் அவள் அழுதாள். வீட்டில் அழுதால் தகப்பன் காண்பார், தபால் நிலையத்தில் அழுதால் மேலாளர் கேட்பார். நான் அவளைப் பார்க்காமல் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்ன இரண்டு நிமிடத்தை நான் கண்டதில்லை.

“நேரம் முடியுது.”

“ஓம். போறன்.”

கதவைத் திறந்தேன். போனாள். அன்று கோல் எதுவும் போடவில்லை. ஆனால் இடத்தை விட்டு நகரவுமில்லை. இடைவேளையில் கஸ்பர் அங்கிள் பனியை வழித்துச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டி வந்தார். அவள் தன் தடியால் வேலிப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் தொப்பியைத் தொட்டார்.

குடியுரிமை மறு வருடம் வந்தது. ஆனால் அதற்கடுத்த குளிர்காலத்தில் அவளுடைய முழங்கால் திரும்பிவிட்டது. தேர்வுக்கு மறுபடி யாரும் கூப்பிடவில்லை. அவளும் கேட்டுப் போகவில்லை. காலைக் கட்டிக்கொண்டு பழைய அணிக்கே திரும்பினாள்.

நொண்டிக்கொண்டு திரிந்த அந்த மாதங்களில் தினமும் வந்து பயிற்சிக்கு ஏற்றிப்போய் இறக்கியவன் கோபாலன். அப்போது அவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலையில் இருந்தான். 1993இல் கல்யாணம். மலேசியா, கத்தோலிக்கன் இல்லை, சைவ சமயம் என்று றோஸ்மலர் அன்ரி முதலில் முறுக்கிக்கொண்டுதான் நின்றார். பிறகு அவன் மீன் பணிஸ் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து இறங்கி வந்துவிட்டார்.

கடைசி ஆட்டம் 1997 மார்ச்சில். கஸ்பர் அங்கிள் ஓய்வு பெற்றிருந்தார். மேல்படியில், மடியில் கம்பளி போர்த்து உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “ஐஸ் மெத்தெண்டு கிடக்கு. இப்ப ஆர் மெசின் பாக்கிறது?” என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் தோற்றோம். முடிவு மணி அடித்த பிறகும் டொலறஸ் வெளியே வரவில்லை. கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் பனியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் டூட்டிங்குக்குக் கூட்டிப்போனாள். கொத்துரொட்டிக் கடையில் மேசைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தோம். தோற்ற நாளாகையால் பாட்டு அதிகமாக இருந்தது. கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு தாளம் போட்டார்.

எத்தனை கோல் போட்டாள் என்று இன்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. தபால் நிலையத்தில் இப்போது மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவள் மட்டும் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். முழங்கால் மடங்காது. புதிதாக வந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கோபாலன் சொன்னான். விளக்கம் சொல்லலாமே என்று அவன் கேட்டதற்கு, “சொன்னால் ஆர் நம்பப் போகினம்?” என்று சிரித்தாளாம்.