கன்னிமூலைக் குளியலறை

விற்பதற்கு முன்னால் வீட்டைக் கொஞ்சம் புதுசாக்கிவிட வேண்டும் என்று புரோக்கர் சொன்னார். சொல்லிவிட்டு, செருப்பை வாசலில் கழற்றி, ஹாலுக்குள் வந்து, செல்போனைத் தரையில் வைத்து அதில் திசை பார்த்தார். முள் நடுங்கி நின்றது. அவருடைய முகமும் அதோடு நின்றுபோனது.

அது அக்காவின் வீடு. செங்கல் என்ற ஊரில், பஸ் போகும் ரோட்டிலிருந்து ரப்பர் தோட்டத்தின் ஓரமாக இறங்கும் சரிவின் அடியில் இருக்கிறது. அக்கா குவைத்தில் நர்சாக இருந்தாள். அவள் அனுப்ப அனுப்ப அப்பா நின்று கட்டினார். அப்பாவும் அம்மாவும் நானும் அதில் வாழ்ந்தோம். பிறகு நான் ஊர் ஊராகப் போனேன். எந்த ஊரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை, நானும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. அப்பா போனார். அம்மா போனாள். கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா ஓய்வு பெற்று வந்து அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தாள். இப்போது அவளுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. சரிவு ஏறி ரோட்டுக்கு வருவதற்குள் இரண்டு மூன்று ரப்பர் மரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நெய்யாற்றின்கரையில், ஆஸ்பத்திரிக்கும் சர்ச்சுக்கும் பக்கத்தில், படியும் சரிவும் இல்லாத ஒரு சின்ன வீட்டை அவளே போய்ப் பார்த்து வைத்திருந்தாள். சபையின் அறுப்புப் பண்டிகை வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அந்த வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் இந்த வீடு விற்றாக வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டாள். "வேலைக்காரங்க கூட நிக்கதுக்கு ஒரு ஆளு வேணும். நீ எங்கயாவது இருந்து எழுதுதவன்தானே, இங்க வந்து இருந்து எழுது."

"சிஸ்டரே," என்று புரோக்கர் தரையிலிருந்து எழுந்தார். "பெயிண்ட் மாத்தணும், அடுக்களை மாத்தணும். அதெல்லாம் செரியாக்கலாம். கன்னிமூலையில பாத்ரூமை வச்சிட்டு இதை யாருக்கு விக்கப் போறிய?"

தென்மேற்கு மூலையைத்தான் கன்னிமூலை என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்த மூலை காலியாக, சுத்தமாக, உயரமாக இருக்க வேண்டும்.

"நாங்க வேதக்காரராக்கும்," என்றாள் அக்கா. "எங்களுக்குக் கன்னிமூலையும் இல்ல, கெழவிமூலையும் இல்ல."

"வாங்க வாறவனும் வேதக்காரனாத்தான் இருப்பான். வந்ததும் ஒரு ஜெபம் உண்டு. ஆமென் சொல்லிக் கண்ணைத் தொறந்ததும் கேக்குத முதல் கேள்வி, கன்னிமூலை எது?"

அக்கா சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அப்பம் அந்தப் பாத்ரூமை இடிச்சுக் களையுங்க."

பதறியது நான்தான்.

அந்தக் குளியலறை எங்களுக்குக் காசெட்டில் வந்தது. அக்காவிடமிருந்து கடிதத்தைவிடக் காசெட்தான் அதிகம் வரும். லீவில் வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள். சாயங்கால ஜெபம் முடிந்ததும் அப்பா டேப் ரிக்கார்டரை மேசை நடுவில் வைப்பார். அவளுடைய குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஏசி இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சல்தான் குவைத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காசெட்டில் அவள் வீட்டைச் சொன்னாள். படுக்கிற முறி இங்கே, அதன் ஜன்னல் அங்கே. கடைசியில், "தெக்கு மேக்கு முறியோட சேத்து ஒரு பாத்ரூம் வேணும் அப்பா. அதில ஒரு டப்பு வேணும். இங்க ஒரு டாக்டருக்க வீட்டுல பாத்தேன். நான் வந்தா அதில படுத்துக் குளிக்கணும்."

அப்பா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டார். கொத்தனாரை வரச்சொல்லி அவரையும் கேட்க வைத்தார். திருவனந்தபுரம் போய் இளஞ்சிவப்பில் ஒரு டப் வாங்கி லாரியில் ஏற்றி வந்தார். சரிவில் அதை இறக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கைகொடுத்தார்கள். பிரேதப்பெட்டி தூக்குவது மாதிரி மெதுவாக, அடி மாற்றாமல். பதித்து, சுற்றிலும் சிமென்ட் பூசி, எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா கேட்டாள்: "இதை நெறைக்கத் தண்ணிக்கு எங்க போவ?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. எங்கள் கிணறு வெயில் தொடங்கினால் அடி காட்டும். மழைக்காலத்திலும் கோரித்தான் எடுக்க வேண்டும். அப்பா டப்பின் விளிம்பைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனம்" என்றார்.

அதில் அம்மா ஏத்தன் வாழைக்குலை பழுக்க வைத்தாள். சாக்கு போட்டு மூடி, கதவைச் சாத்திவிட்டால் நாலைந்து நாளில் வீடே மணக்கும். என் படிப்பெல்லாம் அந்த டப்பில்தான். குலையை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, முதுகுக்கு ஒரு சாக்கை மடித்து வைத்து, கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வாசிப்பேன். கை எட்டுகிற தூரத்தில் பழம். மேலே சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக ரப்பர் இலைகளின் பச்சை விழுந்து சுவரில் நீந்தும். எவ்வளவோ ஊர்களில் எவ்வளவோ கட்டில்களில் படுத்துவிட்டேன். அந்தப் பச்சை வேறெங்கும் வரவில்லை.

கொத்தனார் வந்தார். அப்பாவின் கொத்தனாருடைய மகன்தான். கம்பிப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு டப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எக்கா, இதை உடைக்கத்தான் வேணுமா?" என்று நான் கேட்டேன்.

"பின்ன, தலையில வச்சிட்டு நெய்யாற்றின்கரைக்குப் போவவா?"

கொத்தனார் தொண்டையைச் செருமினார். "சேச்சி, உடைக்கண்டாம். எங்க பசுவுக்குக் காடி வைக்க இது கொள்ளாம்."

"கொண்டு போ மக்கா. பசுவாவது அதில வாய் வச்சுக் குடிக்கட்டும்."

மறுநாள் குட்டி யானை லாரியின் முதுகில் இளஞ்சிவப்பாக அது சரிவேறிப் போனது. பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்கள் கையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

டப் போன பிறகு எனக்கு எதிலும் கை ஓடவில்லை. மொசைக் தரைமேல் டைல்ஸ் போட்டார்கள். அடுக்களையில் விறகடுப்பு மேடையை எடுத்துவிட்டார்கள். ஷோகேஸின் கண்ணாடியைக் கழற்றினார்கள். நான் ஒவ்வொன்றின் பின்னாலும் அலைந்தேன். ஹால் சுவரைச் சுரண்டியபோது மேலே இருந்த கிளிப்பச்சைக்கு அடியில் ரோஸ் வந்தது, ரோசுக்கு அடியில் நீலம், அதற்கடியில் வெளிர் மஞ்சள். ஒரு சில்லைக் கையில் எடுத்து அக்காவிடம் ஓடினேன்.

"பாரு எக்கா, நாம வாழ்ந்ததெல்லாம் அடுக்கடுக்கா இருக்கு."

அக்கா வாங்கிப் பார்த்தாள். விளிம்பை நகத்தால் எண்ணுவதுபோல் தடவினாள்.

"இதெல்லாம் எனக்க லீவு," என்றாள்.

எனக்குப் பிடிபடவில்லை.

"நான் வாறேன்னு தெரிஞ்சா அப்பா பெயிண்ட் அடிப்பாரு. மறந்திட்டியா? ஒவ்வொரு லீவுக்கும் ஒரு நெறம். உங்களுக்கு இந்த வீட்டுக்க மணம் பழுத்த ஏத்தன். எனக்குப் பெயிண்ட்டு மணமாக்கும். எப்பம் வந்தாலும் நேத்து அடிச்ச சுவரு. சாஞ்சு இருக்க ஒக்காது, துணியில ஒட்டும். காய்ஞ்சு வாறதுக்குள்ள எனக்கு பிளைட்டு." சில்லைத் திருப்பித் தந்தாள். "நீ வச்சுக்க. நீ இருந்த வீடு. எனக்கு அங்க ஒரு சின்ன வீடு உண்டு. அதை நானே நடந்து பாத்தேன். அது கிட்டினா போரும்."

கசப்பில்லாமல் சொன்னாள், மருந்து எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்வதுபோல.

அறுப்புப் பண்டிகை நெருங்கியது. சர்ச்சில் விளைபொருள் கொண்டுவரச் சொல்லி அறிவித்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சரிவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் ஒருத்தர் வந்தார், குளத்தூர்காரர், கையில் செல்போனோடு. அவருடைய மனைவி மஸ்கட்டில் நர்ஸ். வீடியோ காலில் அவள். நீல யூனிபார்ம், பின்னால் டிபன் பாத்திரம். சாப்பாட்டு நேரத்தில் வீடு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் போனை உயர்த்திப் பிடித்து ஒவ்வொரு அறையாக நடந்தார். "கொள்ளாம், கொள்ளாம்" என்று போனிலிருந்து அவளுடைய குரல் வந்துகொண்டே இருந்தது. கன்னிமூலையில் இப்போது வெள்ளையடித்த வெறும் அறை. புரோக்கர் அதன் நடுவில் நின்று சிரித்தார்.

"இன்னைக்கே கரார் பத்திரம் போட்டிருவோம்," என்றார் கணவர்.

அக்கா கையை நீட்டினாள். "அந்தப் போனை ஒண்ணு தாரும்."

வாங்கி, தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எந்த வார்டு மக்கா?"

"டயாலிசிஸ், சேச்சி."

"லீவு எப்பம்?"

"டிசம்பர்ல."

"டிசம்பர்ல வந்து பாரு. நாலு நாளு கிடந்து உறங்கு. பொறவு வேணும்னா எடு."

புரோக்கர் பின்னாலிருந்து கையால் தலையில் அடித்துக்கொண்டார். நெய்யாற்றின்கரை வீட்டுக்காரர் டிசம்பர் வரை காத்திருக்க மாட்டார். அது அக்காவுக்குத் தெரியும்.

போனில் அந்தப் பெண் டிபன் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு, "சேச்சி, கிணத்துல எப்பமும் தண்ணி உண்டா?" என்றாள்.

"இல்ல. மாசி வந்தா வத்தும்."

"சிஸ்டரே!" என்றார் புரோக்கர்.

"நீரு சும்மா இரும் வே. தண்ணி வத்துமான்னு கேக்க எனக்கு அப்பம் தெரியல்ல. இவளுக்குத் தெரியுது." போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர்கள் போன பிறகு புரோக்கரும் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் போனார். அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"போச்சு, இல்லியா?" என்றேன்.

"போனா போச்சு," என்றாள். ஆனால் மரச்சீனிக் கிழங்கைத் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணே அக்காவைக் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும். கேள்விக்கு மேல் கேள்வி. மழைக்கு எந்தச் சுவர் நனையும், காலையில் அடுக்களையில் வெயில் வருமா, பக்கத்து வீட்டில் யார். அக்கா போனைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை இழுத்துக்கொண்டு, அறை அறையாகப் போய்ப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். சிலவற்றுக்கு அவளுக்கே பதில் தெரியவில்லை. "எலே, மழைக்கு எந்தச் செவரு நனையும்?" என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் அந்தப் பெண் சொன்னாள்: "லீவை மாசிக்கு மாத்திட்டேன் சேச்சி. வத்துத நேரத்துலதானே கிணத்தைத் தோண்டணும், நானும் கூட நிக்கணும். வீட்டை நாங்க எடுத்துக்கிடுதோம். பெயிண்ட் மட்டும் இனி அடிக்கண்டாம். மிச்சத்துக்கு என்ன நெறம்னு நான் வந்து நின்னு சொல்லுதேன்."

பெயிண்டரை அன்றே அனுப்பிவிட்டோம். கிழக்கு அறையில் இரண்டு சுவர் வெள்ளை, இரண்டு சுவர் பழைய கிளிப்பச்சை. பண்டிகைக்கு முந்தின வாரம் இந்த வீடு, நெய்யாற்றின்கரை வீடு, இரண்டின் பத்திரமும் பதிவானது.

கிளம்புகிற அன்று ஆட்டோ சரிவிறங்கி முற்றத்துக்கே வந்தது. நான் உள்ளே போய் நின்றேன். எல்லா அறையிலும் என் காலடி வெறுமையாகக் கேட்டது. வெளியே ஹாரன் அடித்தது. பிறகு அக்காவின் குரல்.

"எலே, என்ன செய்யுத? அங்க பைப்புல தண்ணி பத்து மணிக்கு நிக்கும். எனக்க வீட்டுல நான் இன்னைக்குக் குளிக்கணும்."

ஓடிவந்து ஏறினேன். அவளுடைய மடியில் ஒரு புது வாளி இருந்தது, அதற்குள் சோப்பும் துண்டும். ஆட்டோ முக்கி முக்கி மேலேறியது. நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் டிரைவரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.