மட்டையை எறிந்துவிட்டு ஓடியவர்

எண்பதுகளில், அமெரிக்காவில், ஹென்டர்சன் மைதானத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் யாழ்ப்பாணத்தார் ஆடிய கிரிக்கெட்டுக்கு ஒருவர் வருவார். அங்கே வந்து பேஸ்பால் பார்த்துப் பைத்தியமானவர். வெளிறிய நீலத் தொப்பி, பெல்ட்டுக்கு மேல் வழியும் வயிறு.

பந்தை அடித்ததும் மட்டையை எறிந்துவிட்டுத்தான் ஓடுவார். பேஸ்பாலில் அதுதான் வழக்கம். ஓடி முடிக்கும் கோட்டுக்குள் நாங்கள் மட்டையை நீட்டித் தப்பிவிடுவோம். வெறுங்கையோடு வரும் அவர் வாரா வாரம் ரன் அவுட்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணை, மட்டையோடை ஓடுங்கோ. இல்லாட்டி அந்த வயித்தையாவது குறையுங்கோ.”

“எனக்குப் பிடிச்ச பேஸ்பால் ஆட்டக்காரனுக்கு இதைவிடப் பெரிய வயிறு. அவன் அடிச்சா பந்து மதிலுக்கு அங்காலை விழும். ஆட்டத்துக்கு நடுவிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிற நீங்களோ எனக்கு உடம்பைப் பற்றிச் சொல்லுறியள்?”

“அப்ப கிரிக்கெட் விளையாட்டில்லையோ?”

“தம்பி, கோட்டிலை மட்டை பட்டா மட்டைதான் ஓடி வந்தது. விளையாட்டெண்டா ஆள் வந்து சேரவேணும்.”

அந்தக் கோடையின் கடைசி ஆட்டம். கடைசிப் பந்தில் வெல்ல ஓர் ஓட்டம் வேண்டும். அடிக்க நின்றவர் அவர். “மட்டையை விடாதேங்கோ!” என்று எல்லோரும் கத்தினோம். அடித்தார். மட்டை பறந்தது. தலையை முன்னே கொடுத்து, வயிறு புல்லில் உரசப் பாய்ந்தார். கோட்டுக்கு ஒரு சாண் குறைந்துவிட்டது. ரன் அவுட்.

சட்டையெல்லாம் மண்ணாக எழுந்து, “நல்ல ஓட்டம்,” என்றார். தோற்றவரின் முகமாகவே இல்லை.

அடுத்த ஞாயிறு ஆட்டம் இல்லை. ஆனாலும் மட்டையோடு மைதானத்துக்குப் போனேன். சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, மட்டையை எறிந்துவிட்டு ஓடினேன்.