நத்தை தின்ற கீரை

கீரை வாங்குவதில் என் மனுசனுக்கு ஒரு கொள்கை. ஓட்டை விழுந்த இலைதான் நல்ல இலை, பூச்சி தின்றிருந்தால் மருந்து அடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சந்தையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பார்த்து வாங்கினோம். இத்தாலிக்கு வந்து, சியாகுல்லியில் மண்டரீன் தோடம்பழத் தோட்டத்து வேலைக்குப் போன பிறகும் மனிதர் அந்தக் கொள்கையை விடவில்லை.

ஒரு வியாழன் பின்னேரம் தோட்டத்தில் பறித்த இலையைப் பை நிறையக் கொண்டுவந்தார். இத்தாலியர் சூப்புக்குப் பறிக்கிற பொராஜினே கீரையாம்.

"அது சொரசொரப்பா எல்லோ இருக்கும். இது வழுவழுப்பா இருக்கப்பா" என்றேன்.

"இஞ்சை பாரும், நத்தை என்னமாதிரித் திண்டிருக்கெண்டு. அது என்ன செத்தே போச்சு? நீர் பேசாமல் வறையைப் போடும்."

மனிதர் பிடித்தால் விடமாட்டார். அடுத்த நாள் தவக்கால வெள்ளி, மச்சம் மாமிசம் சமைப்பதில்லை. விடியவே எழும்பித் தேங்காய்ப்பூ போட்டு வறுத்து வைத்துவிட்டு, நான் வீட்டுவேலை செய்யும் இத்தாலியக்கார அம்மா, சின்யோராவின் வீட்டுக்குப் போனேன். மழையால் மனுசனுக்கு அன்று தோட்டத்தில் வேலையில்லை, வீட்டில் நின்றார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது இவர் சுவரைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, நாக்கு வறண்டு, கண் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது. "நீங்கள் ஆர்?" என்று என்னைக் கேட்டார். உடனே அம்புலன்ஸுக்கு அழைத்தேன். அது வந்ததும், மிஞ்சிக் கிடந்த பச்சை இலையையும் அள்ளிக்கொண்டு ஏறினேன்.

டொக்டர் இலையைப் படம் எடுத்து, செடிகொடி தெரிந்த யாருக்கோ அனுப்பினார். மாந்த்ராகோரா என்று பதில் வந்தது. நஞ்சு. கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் அதே குடும்பமாம். இருபது வருசமாய் அந்தக் குடும்பத்தைத்தான் நான் சட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறேன்! அப்படியென்றால் நத்தைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு பிராணிக்குச் சாப்பாடு இன்னொன்றுக்கு நஞ்சாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னார். மனுசன் தப்பிவிடுவார் என்றும் சொன்னார்.

பிறகு, "வேறு யார் சாப்பிட்டது?" என்றார்.

விடிய அந்த வறையை இரண்டு பாண் துண்டுக்கு நடுவில் வைத்து மகளுக்குக் கட்டிக் கொடுத்திருந்தேன். பகேரியாவில் படிக்கிறாள், ரயிலில் போய்வருவாள். மனுசனோடு மல்லுக்கட்டியதில் பிள்ளையின் நினைப்பே எனக்கு வரவில்லை. அவளுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அழைத்தேன், பிள்ளைகள் போய்விட்டார்கள் என்றார்கள். ரயிலில் கண் கறுத்து, இறங்கும் இடம் தெரியாமல், பக்கத்திலிருப்பவரிடம் நீங்கள் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாளோ? மாதாவே, மாதாவே என்பதைத் தவிர எனக்கு வாயில் ஒரு செபமும் வரவில்லை.

கடைசியில் அவளே திருப்பி அழைத்தாள்.

"என்னம்மா, எத்தினை தரம் கோல் எடுக்கிறியள்? ரயிலுக்கை கேக்கேல்லை."

"பிள்ளை, பாண் சாப்பிட்டனியே?"

"ஓம் அம்மா. நல்லா இருந்தது."

நான் போட்ட சத்தத்தில் நேர்ஸ் ஓடி வந்தார். அதில் நஞ்சு, அப்பா ஆஸ்பத்திரியில், உடனே இறங்கி யாரிடமாவது சொல்லு என்று கத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விழுந்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு விசும்பல் கேட்டது.

"அம்மா, நான் பொய் சொன்னனான். சாப்பிடேல்லை. ஸ்டேசனிலை குப்பைக்குள்ளை போட்டிட்டன்."

"உண்மையாவோ? ஒரு வாய் கூட வைக்கேல்லையே?"

"இல்லையம்மா. மணக்குதெண்டு எல்லாரும் சிரிக்கினம். ஒவ்வொரு நாளும் போடுறனான். ஏசாதையுங்கோ அம்மா."

ஒவ்வொரு நாளுமாம். நான் ஆஸ்பத்திரி நிலத்திலேயே குந்திவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நல்ல வேலை செய்தாய் என்ரை குஞ்சு" என்றேன்.