கோட்டைப் படித்தவள்

டர்போ அக்கா என்றால் பந்தயக் கார்க்காரர்களுக்கெல்லாம் தெரியும். டர்போ என்ஜினின் வலுவைக் கூட்டித் தருவதில் அவளை அடிக்க ஆளில்லை. பதினேழு வருடமாக அவள் நம்பியது காதைத்தான். டர்போ ஊட்டும் காற்றழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் என்ஜினுக்குள் 'டிக் டிக்' என்று ஒரு தட்டல் கிளம்பும். எரிபொருள் தாறுமாறாக வெடிக்கிறது என்று பொருள். உடனே நிறுத்தாவிட்டால் பிஸ்டன் பொத்தலாகிவிடும்.

நாற்பத்தோராம் வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது.

பட்டறை வெறிச்சோடியது. வந்தவர்களும் நலம் விசாரித்துவிட்டு, காரை வேறிடத்துக்கு ஓட்டிப் போனார்கள். கணவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "எல்லாத்தையும் வித்துட்டு உதிரிபாகக் கடை போடலாமா?"

"காதுதானே போச்சு? கையுமா போச்சு?" என்றாள் அவள்.

என்ஜினில் பொருத்திய சென்சார், அந்தத் தட்டலை மடிக்கணினியில் கோடாக வரைந்து காட்டும். அதுவரை அவள் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இப்போது சொந்தக் காரை ரோலர் மேடையில் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, வேண்டுமென்றே தட்ட வைத்தாள். தட்டல் கேட்கும்போதெல்லாம் கணவர் விரலை உயர்த்துவார். அவள் கோட்டில் குறித்துக்கொள்வாள். நான்கு மாதத்தில் இரண்டு பிஸ்டன் போயிற்று. அசரவில்லை, மூன்றாவதை மாட்டினாள். கடைசியில், அவர் விரல் எழும்புவதற்குள் அவள் கை என்ஜினை அணைத்திருந்தது.

அப்போதுதான் மலையேற்றப் பந்தயம் ஓட்டும் பல் டாக்டரம்மா வந்தார். நாற்பது குதிரைத்திறன் கூட வேண்டுமாம். ரோலர் மேடையில் மூன்றாவது ஓட்டத்தில் முப்பத்திரண்டு ஏறியிருந்தது. சட்டென்று டர்போ அக்கா நிறுத்திவிட்டாள்.

"தட்டுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே!" என்று டாக்டரம்மா கையை விரித்தார்.

உதட்டைப் படித்துவிட்டு, "எனக்கும்தான் கேக்கல," என்றாள் அக்கா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அக்கா ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தாள். மூன்றாவதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள், தட்டலின் தடயம். அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர் பாதி அடைத்திருந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். பல்லில் சொத்தை பார்த்துப் பழகிய கண், விளக்கம் தேவைப்படவில்லை.

இன்ஜெக்டரை மாற்றி மறுபடி ஓட்டியதில் முப்பத்தாறு வந்தது.

"இன்னும் நாலுதானே, ஏத்திடுங்களேன்," என்று சிலேட்டில் எழுதினார் டாக்டரம்மா.

"மாட்டேன். இதுக்கு மேல போனா மலையில பாதியில நிப்பீங்க."

பந்தயத்தில் டாக்டரம்மா ஐந்தாவதாகத்தான் வந்தார். ஆனால் உச்சி வரை ஓட்டிப் போனார். அடுத்த திங்கட்கிழமை பட்டறை வாசலில் இரண்டு கார்கள் நின்றன. கணவர் சிலேட்டை எடுப்பதற்குள் அக்கா முதல் காரின் முன்மூடியைத் திறந்துவிட்டாள்.