டேஷ்போர்டுக்குள் ஒரு முறுக்கு டப்பா

பிள்ளைகளா, நம்ம காரில் டேஷ்போர்டைத் திறந்துகொண்டு மேலே வரும் அந்த டப்பா ஏன் அவ்வளவு மெதுவாக வருகிறது என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். எழுதினால் ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். தப்பிருந்தால் திருத்திப் படியுங்கள்.

அம்மாவுக்கு வேலை கிடைத்து நீங்கள் பெங்களூருக்குப் போன பிறகு, மாதம் ஒரு ஞாயிறு வருகிறீர்கள். பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் நான் காரோடு நிற்பேன். மூன்று பேரும் பின்சீட்டில் ஏறிக்கொள்வீர்கள். பேச்செல்லாம் பின்னாலேயே நடக்கும். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுவேன். ஒருமுறை ஸ்டேஷன் கேட் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், "இன்னாப்பா, வாடகை வண்டியா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். வீடு வரைக்கும் அது மனசிலேயே இருந்தது.

அதற்கப்புறம் ஒருநாள் போனில் சின்னவளிடம், "முன்னாடி உக்காரேன்மா" என்று கேட்டேன். "முன்னாடி இன்னாப்பா கீது?" என்றாள். மறுநாள் ஒரு படம் வரைந்து அனுப்பினாள். பட்டனை அழுத்தினால் டேஷ்போர்டுக்குள்ளிருந்து டப்பா எழும்பி வரணும், அதில் முறுக்கு இருக்கணும். "இத செஞ்சா முன்னாடி உக்கார்றேன்." அவ்வளவுதான் ஒப்பந்தம்.

கார் வயரிங் வேலை செய்கிறவனுக்கு டப்பா செய்வது பெரிசில்லை. அலுமினியத் தகட்டை மடித்தேன், இரண்டு பக்கமும் டிராயர் ரெயில் வைத்தேன். ஆனால் அதை எதை வைத்து மேலே தூக்குவது? பழைய சிடி பிளேயரில் தட்டைத் தள்ளும் மோட்டாரை வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் பல், முறுக்கு கனத்துக்கே வழுக்கியது. டிக்கி மூடியைத் தூக்கும் கேஸ் ராடு மாதிரி சின்னதாக ஒன்று போட்டேன். டப்பா துள்ளிப் போய் முன்கண்ணாடியில் இடித்தது. கதவு லாக் மோட்டார் இரண்டு விரற்கடைக்கு மேல் நகராது.

கடைசியில் நம்ம ஊர் புத்திதான் வந்தது. இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தூக்குவது என்றால் கயிறும் டிரம்மும்தான். தங்கச் சுரங்க ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கின கூண்டு, அந்த கேஜ், அப்படித்தானே ஓடியது? உங்கள் தாத்தா அதில்தான் தினமும் இறங்கினார். சின்ன டிரம் செய்து, மெல்லிய ஒயர் கயிறு சுற்றி, மேலே ஒரு கப்பி வைத்து, பவர் விண்டோ மோட்டாரில் மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். டப்பா ஜம்மென்று ஏறியது. இறங்கும் பட்டனை அழுத்தினேன். டிரம் சுற்றுகிறது, கயிறு தொளதொளவென்று உள்ளே விழுகிறது, டப்பா மட்டும் அப்படியே நிற்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா தண்ணிக் குடத்தோடு நின்று பார்த்தார். பெங்களூரில் ஆபீஸ் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு தினம் ரயிலில் போகிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் படுவார்.

"இன்னா தம்பி, கேஜ் மேலயே நின்னுகினு கீது?"

"இறங்கமாட்டேங்குது அக்கா."

"எப்பிடி இறங்கும்? அந்த கேஜ் எத்தன டன்னு, உன் டப்பா கறிவேப்பில கட்டு கனம். கயிறு இழுக்கும், தள்ளுமா? இதுகூடத் தெரியாம மைன்ஸ் ஊர்ல பொறந்துட்டே!"

வெட்கமாகிவிட்டது. கேஜ் தன் கனத்தில்தான் இறங்கும் என்பது எனக்குத் தெரியாததா? கயிறையே பார்த்துக்கொண்டிருந்து கனத்தை மறந்துவிட்டேன். டப்பாவுக்கு அடியில் ஈயக்கட்டி வைத்துப் பார்த்தேன். இறங்கியது, ஆனால் 'டம்'மென்று விழுந்தது. பள்ளத்தில் வண்டி குதித்தால் கயிறு டிரம்மை விட்டுக் கழன்றது. நீங்கள் வர இரண்டு வாரம் இருந்தது. வேலை முடிந்து வந்தால் பேச ஆள் இல்லை, சோறு வைத்துவிட்டுக் கார் கதவைத் திறந்து உட்கார்ந்துகொள்வேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அந்த டப்பாவோடுதான் பேசினேன். "இன்னாடா உனக்கு?" என்று.

ஒருநாள் டயர் பஞ்சர். ஜாக்கி வைத்துத் திருகும்போதுதான் உறைத்தது. மரை வெட்டின ராடு ஒரு பக்கம் சுற்றினால் தூக்கும், மறுபக்கம் சுற்றினால் இறக்கும், விட்ட இடத்தில் நிற்கும். கனம் இருக்கா இல்லையா என்று அது கேட்பதில்லை. கயிற்றைக் கழற்றிப் போட்டேன். ஒரு ராடு, அதில் ஏறி இறங்க ஒரு நட்டு, நட்டோடு டப்பா, மேலேயும் கீழேயும் மோட்டாரைத் தானே நிறுத்த ஒரு சுவிட்சு. வேலை முடிந்தது. மெதுவாக ஏறியது, அவ்வளவுதான். நாற்பது எண்ண வேண்டும்.

அந்த ஞாயிறு பங்காருப்பேட்டையில் சின்னவள் முன்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "செஞ்சிட்டியாப்பா?" ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். நான் வண்டியை எடுக்கவில்லை. "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தாள். பின்னாலிருந்து பெரியவன், "அப்பா, இதுக்குள்ள மெட்ரோ ஒரு ஸ்டேஷன் தாண்டியிருக்கும்" என்றான். "டேய், சும்மா இரு" என்றாள் அம்மா. முப்பத்தெட்டில் முறுக்கு வந்துவிட்டது. அவள் கத்தின கத்தலில் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அதை போனில் வீடியோ எடுத்தாள். வழியில் ஊரிகம் வருவதற்குள் அதை வேகமாக ஓடவிட்டுத் தோழிகளுக்கு அனுப்பியும் விட்டாள். "இப்போ பாருப்பா, ரெண்டே செகண்டு." காட்டினாள். டப்பா பட்டென்று குதித்தது. நான் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

சாயங்காலம் திரும்பும்போது அவள் தூக்கக் கலக்கத்தில் பின்சீட்டில் அம்மா மடியில் படுத்துவிட்டாள். ரயில் போன பிறகு நான் தனியாக வந்தேன். வழியில் பட்டனை அழுத்தவில்லை.

மரை இடைவெளி அகலமான ராடு போட்டால் பாதி நேரத்தில் ஏறிவிடும். எனக்குத் தெரியும், வாங்கியும் வைத்திருக்கிறேன். போடவில்லை. சின்னக்குட்டி, நீ கேட்டால் அன்றைக்கே மாற்றித் தருகிறேன். கேட்காவிட்டால் இப்படியே இருக்கட்டும். நாற்பது எண்ணுகிற வரைக்கும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய்.