எண் அதுவே, மசோதா வேறு

வெர்லீன் டேட்டம் பெக்கான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஓடு ஒரு கிண்ணத்தில், பருப்பு இன்னொன்றில். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனில் சட்டசபைக் குழுவின் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவள் கணவர் கிளியோஃபஸை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அந்த வீட்டில் எனக்கு வேலை. அவர் படுக்கைக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது. சட்டசபையும் என் காதில் விழுந்தே தீரும்.

வெர்லீன் கட்டர் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். ஜனவரியில் சட்டசபை கூடினால், அது கலையும்வரை மசோதாக்களைப் பின்தொடர்வதுதான் அவள் வேலை. சம்பளம் இல்லை, யாரும் ஒப்படைக்கவும் இல்லை. ஓட்டு, பள்ளிக்கூடம் இரண்டை மட்டும் பார்ப்பாள். சாலை, வரி, மான் வேட்டை எதுவும் அவளுக்கு வேண்டாம். முன்பு ஒரு வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வாக்குச்சாவடியை மூடினார்கள். தேர்தலன்று போய்ப் பூட்டிய கதவைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்தவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே தெரிந்தது. அப்போது தொடங்கினாள். எங்கள் ஷேடி கிரீக் தேவாலயச் சபையில் புதன்கிழமை வேதபாடம் முடிந்ததும், மசோதாக்களைப் பற்றிப் பேச பாஸ்டர் அவளுக்கு ஐந்து நிமிடம் கொடுப்பார். அவள் எடுத்துக்கொள்வது அதைவிட அதிகம்.

அந்த வருடம் அவளுக்குப் பிடித்த மசோதா ஒன்று வந்தது. எண் 214. தேர்தல் நாளில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, உடற்பயிற்சிக் கூடத்தை நாள் முழுக்க வாக்குச்சாவடிக்குக் கொடுப்பது. நாங்கள் ஓட்டுப் போடுவது கட்டர் பள்ளியின் கூடத்தில்தான். அது இல்லையென்றால் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். காரில் ஒரு மணி நேரம், பஸ் கிடையாது. சட்டசபையின் இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டு, ஆதரவா எதிர்ப்பா என்று யார் வேண்டுமானாலும் பெயர் பதியலாம். எல்லோரும் ஆதரவென்று பதியுங்கள் என்று சபையில் சொன்னாள். அப்படியே செய்தார்கள். போனில் தடவத் தெரியாத வயதானவர்களின் பெயர்களை, அவர்களைக் கேட்டுக்கொண்டு அவளே அடித்தாள். என் பெயரையும்தான்.

இது நடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. போனில் குழுத் தலைவர், 214-க்கு மாற்று வடிவம் தாக்கலாகிறது என்றார். கொட்டை உடையும் சத்தம் நின்றது. அவர் வேகமாகப் படித்துக்கொண்டே போனார். குழந்தைகளின் பாதுகாப்பை முன்னிட்டு இனி எந்தப் பள்ளிக்கூடமும் வாக்குச்சாவடியாக இருக்காது, அந்தச் சாவடிகள் மாவட்டத் தலைநகரோடு சேர்க்கப்படும். கடைசியில், பேச்சுவாக்கில் சொல்வதுபோல ஒன்று சொன்னார்.

"ஷேடி கிரீக் சபை ஜனங்களே இந்த மசோதாவுக்கு ஆதரவுன்னு பேர் குடுத்திருக்காங்க. நாளைக்குக் காலைல முழுக் குழு ஓட்டெடுப்பு."

எப்படி என்று எனக்குப் புரியவில்லை, கேட்டேன். உள்ளே இருந்ததை முழுக்க எடுத்துவிட்டு வேறு எழுதிவிட்டார்கள் என்றாள். எண் மாறாது. பதிந்த பெயர்கள் எண்ணின் கீழ்தான் இருக்கும்.

"மருந்து பாட்டில்ல சீட்டு அப்படியே இருக்கு, உள்ள மாத்திரைய மாத்திட்டாங்க," என்றேன்.

"அதேதான் ஐடெல். அதை எல்லார் கையிலயும் எடுத்துக் குடுத்தவ நான்."

பதிவை மாற்ற அன்று இரவு வரைதான் நேரம். ஒவ்வொருவரும் தாங்களே மாற்ற வேண்டும், இல்லை அவளை மாற்றச் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தாள். அதையும் என்னிடம் சொன்னாள். மேல்சபைக்குப் போகும் பாதி மசோதா அங்கேயே செத்துவிடும், இதுவும் செத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சாகாவிட்டால், கட்டர் பள்ளிச் சாவடியை மூடச் சொன்னது நாங்கள்தான் என்று அச்சில் இருக்கும். நான் என் கருத்தைச் சொல்லவில்லை, என் பெயரை மட்டும் உடனே மாற்றச் சொன்னேன். மாற்றினாள்.

அன்று புதன்கிழமை. வேதபாடம் முடிந்து அவள் எழுந்தபோது பாதிப் பேர் கிளம்பக் கோட்டுகளைக் கையில் எடுத்துவிட்டார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள், தாக்கலான பிறகு மாற்றுவார்களா என்று தான் கவனித்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். பின்வரிசையிலிருந்து டீக்கன் ஹோரஸ் பேசினார்.

"சிஸ்டர் வெர்லீன், போன புதன் ஆமான்னு சொல்லச் சொன்னீங்க. இந்தப் புதன் இல்லைன்னு சொல்லச் சொல்றீங்க. அடுத்த புதன் என்ன, பாக்கலாம்னு சொல்லணுமா?"

சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"அடுத்த புதன் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியாது டீக்கன். இன்னிக்கு இல்லைன்னு சொல்லலேன்னா, நவம்பர் தேர்தலுக்கு உங்க ட்ரக்லதான் நாங்க எல்லாரும் தொத்திக்கிட்டு வருவோம்."

"என் ட்ரக்ல நாய்க்கே எடம் பத்தல."

அவர் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒருமுறை பெயர் கொடுத்து அவமானப்பட்டது போதும், இனி எந்தக் காகிதத்திலும் தன் பெயர் வராது என்றார். அவரோடு இன்னும் சிலர் கிளம்பினார்கள். வயதானவர்களில் மிஸ் லூவீனியா மட்டும் முரண்டு பிடித்தார். தொண்ணூறைத் தாண்டியவர், காது மந்தம். யார் பக்கம் ஜெயிக்கும் என்று கேட்டார். அவர்கள் பக்கம்தான் என்று வெர்லீன் காதருகே போய்ச் சொன்னாள். "அப்ப என்னை எதிர்ப்புல போடு. ஜெயிக்கிறவங்களுக்கு என் பேர் எதுக்கு," என்றார் அவர். மற்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, ஒவ்வொரு பெயராக மாற்றினாள். கேட்காமல் ஒருவரையும் தொடவில்லை.

மறுநாள் காலை நான் இருட்டோடு போனேன். வெர்லீன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு சட்டசபைக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். சபையிலிருந்து இரண்டு பெண்கள் காரில் காத்திருந்தார்கள். நான் கிளியோஃபஸின் கழுத்தில் துண்டைக் கட்டி, சோளக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். அவர் பார்க்கும்படி என் போனில் கூட்டத்தை வைத்திருந்தேன்.

பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். அவள் முறை வந்தபோது அவர் வாயைத் திறக்காமல் திரையையே பார்த்தார். கஞ்சி ஆறியது.

"என் பேரு வெர்லீன் டேட்டம். நேத்து நீங்க படிச்ச ஷேடி கிரீக் ஆதரவு வேற மசோதாவுக்குக் குடுத்தது. எங்கள்ல பல பேர் அதை எடுத்துட்டோம். எதிர்ப்புன்னு பதிஞ்சவங்க பேரை இப்ப வாசிக்கிறேன்."

வாசித்தாள். பாதியில் மணி அடித்தது. நன்றி அம்மா, மற்ற பெயர்கள் பதிவில் இருக்கின்றன என்றார் தலைவர். எங்கள் சபையின் பெயரை அவர் அதன்பிறகு எடுக்கவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. மசோதா குழுவைத் தாண்டியது.

பிறகு நடந்ததை உடன்போன பெண்கள் சொன்னார்கள். வெர்லீன் நேராக மேல்சபை அலுவலகத்தின் கவுன்டருக்குப் போய், பள்ளிகள் பற்றி அங்கே வந்திருக்கும் வேறொரு மசோதாவைக் கேட்டாள். நல்ல மசோதா, ஆசிரியர்களுக்குச் சம்பளம் கூட்டுவது. ஆதரவென்று பதிவதாக ஏற்கெனவே சபையில் பேசி வைத்திருந்தாள். அங்கிருந்த பெண் பதிவுத் தாளை நீட்டினாள். வெர்லீன் அதை வாங்காமல், மசோதாவின் இன்றைய வடிவம் முழுதையும் அச்செடுத்துத் தரச் சொன்னாள். பின்னால் வரிசை நீண்டது, கோட்டுப் போட்ட ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கண்ணாடியை மாட்டி, கவுன்டரில் சாய்ந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் பேனாவைக் கேட்டாள்.